ரோமர் நிருபத்தை நிறுத்தச் சொல்கிறது கமிட்டி: நான் என்ன செய்ய?

கடிதம் எழுதியவர் 34 வயதுப் போதகர். தென்மாவட்டத்துத் தாலுகா ஊர் ஒன்றில் எந்தப் பேராயத்தையும் சேராத ஒரு தனிச்சபையை நடத்துகிறார். அந்தச் சபையைத் தொடங்கி 25 வருஷம் நடத்திய மூத்த போதகர் உடல்நிலை காரணமாக ஒதுங்கிக்கொண்டு, அதே ஊரில் இருக்கிறார். ஞாயிறுதோறும் கடைசி பெஞ்சில் வந்து உட்காருகிறார். நம் தம்பி வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்துப் பொறுப்பேற்றதும், பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய ரோமர் நிருபத்தை முதல் வசனத்திலிருந்து பிரசங்கிக்கத் தொடங்கியிருக்கிறார். 16 மாதம் ஆகிவிட்டது. 7ஆம் அதிகாரம் இப்போதுதான் முடிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் 55 நிமிடம்.

இதற்கிடையில் வருகை 120 பேரிலிருந்து 75-க்கு இறங்கிவிட்டது. போனவர்களில் பாதிப்பேர் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்த ஜெபவீட்டுக்குப் போகிறார்கள். "புது வருஷத்திலிருந்து ஆசீர்வாதச் செய்தி கொடுங்க பாஸ்டர், வாக்குத்தத்தம் கொடுங்க. முடியாதுன்னா நாங்க வேற ஏற்பாடு பார்க்கணும்" என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். அவரோடு ஒத்துப்போகிற 20 பேர், "வாங்க, தனியாகத் தொடங்கலாம்" என்கிறார்கள். மனைவிக்கு வீட்டை நினைத்துப் பயம். கடிதத்தின் முடிவில் நான்கு கேள்விகள். வேதப்பகுதியை வரிசையாக விளக்கிச் சொல்கிற வியாக்கியானப் பிரசங்கத்தை விட்டுக்கொடுப்பது துரோகமா? எதைப் பிரசங்கிப்பது என்று சொல்லக் கமிட்டிக்கு உரிமை உண்டா? ராஜினாமா செய்துவிட்டுப் புதுச் சபை தொடங்கலாமா? நான்காவதைக் கேள்வி என்பதைவிடத் தீர்ப்பு என்றே சொல்லலாம்: "செவித்தினவுள்ள ஜனங்களுக்கு ஆரோக்கியமான உபதேசம் எப்படி ஐயா பிடிக்கும்?"

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது உங்கள்மேல் பரிதாபம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது, முன்பு நான் நடத்திய ஒரு சபை நினைவுக்கு வந்து கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் நான்காவது கேள்வியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மற்ற மூன்றும் அதில்தான் சிக்கிக்கொண்டு நிற்கின்றன.

நீங்கள் விட்டுவிட்ட வசனம்

செவித்தினவு, அதாவது காதுக்கு இனிமையானதை மட்டும் கேட்கிற ஆசை, என்ற வார்த்தை 2 தீமோத்தேயு 4:3-இல் வருகிறது. அதற்கு முந்தின வசனத்தை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். "திருவசனத்தைப் பிரசங்கம்பண்ணு" என்று பவுல் சொன்ன கையோடு, எப்படிப் பண்ணவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறார்: "எல்லா நீடிய சாந்தத்தோடும் உபதேசத்தோடும்." ஜனங்கள் பொறுக்கமாட்டார்கள் என்ற எச்சரிக்கை, நீ பொறுத்துக்கொள் என்ற கட்டளைக்குப் பிறகுதான் வருகிறது. நீங்கள் பின்னதை எடுத்துக்கொண்டு முன்னதை விட்டுவிட்டீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, வசனத்தைச் சந்தர்ப்பத்திலிருந்து பிடுங்கி எடுக்கிறார்கள் என்று மற்ற ஊழியக்காரர்கள்மேல் நீங்கள் வைக்கிற குற்றச்சாட்டு இதுதானே.

அப்புறம், உங்கள் சபையார் வசனத்தை வெறுக்கிறவர்கள் என்பதற்குக் கடிதத்தில் எந்த ஆதாரமும் இல்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத பாட்டிமார் 23, 91, 121ஆம் சங்கீதங்களைத் தடங்கலில்லாமல் சொல்வதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் அதை எங்கே கற்றார்கள்? நீங்கள் குறைத்துப் பேசுகிற அந்த மூத்த போதகரிடம்தான். 120 பேர் 16 மாதத்தில் 75 ஆனதற்கு வசனத்தின்மேல் சலிப்பு ஒரு காரணமாக இருக்கலாம். வசனம் தங்களுக்குப் புரியவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். இரண்டும் வேறு வேறு வியாதி, மருந்தும் வேறு.

வசனம் வசனமாகப் போனால்தான் வியாக்கியானமா?

"ரோமர் 1:16-இல் 'பெலன்' என்பதற்குக் கிரேக்க மூலத்தில் டுனாமிஸ். டைனமைட் என்ற சொல் அதிலிருந்துதான் வந்தது. அதைச் சொன்னபோது மட்டும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். டைனமைட்டுக்கு நோபல் காப்புரிமை வாங்கியது 1867-இல். பவுல் பாறை உடைக்கிற வெடியை நினைத்து எழுதியிருக்க வழியில்லை. நிமிர வைத்த அந்த ஒரு நிமிடம் வசனத்துக்கு வெளியே இருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். மீதி 54 நிமிடத்தில் வசனம் ஏன் யாரையும் நிமிர வைக்கவில்லை?

வியாக்கியானப் பிரசங்கம் என்றால் வசனம் வசனமாக, சொல் சொல்லாகப் பிரித்துச் சொல்லிக்கொண்டு போவது என்று பலரும் நினைக்கிறார்கள். கல்லூரியில் அந்தப் பாடத்தை நடத்திய நாட்களில் நானே முதல் வகுப்பை இதைத் திருத்துவதற்கென்று ஒதுக்கிவைப்பேன். வேதப்பகுதி எதைச் சொல்கிறதோ அதுவே பிரசங்கத்தின் பொருளாக இருக்கவேண்டும். அது கேட்பவர்களிடம் எதைச் செய்ய எழுதப்பட்டதோ, பிரசங்கமும் அதையே செய்ய முயலவேண்டும். இவ்வளவுதான். பகுதி ஒரே வசனமாக இருக்கலாம், ஒரு அதிகாரமாகவும் இருக்கலாம், யோனாவைப் போல ஒரு முழுப் புஸ்தகமாகவும் இருக்கலாம். 70 வாரம் வரிசையாகப் போயும் பகுதியின் பொருளை ஒரு நாளும் தொடாமல் போக முடியும். ஒரே ஒரு ஞாயிறு ஒரு சங்கீதத்தை எடுத்து அதை முழுமையாகத் திறந்து காட்டவும் முடியும்.

தமிழ் வாசித்தவர்களுக்கு இது புதிதில்லை. உரை என்றால் அதில் என்னவெல்லாம் இருக்கவேண்டும் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் 14 உறுப்புகளைச் சொல்கிறார். பாடம், கருத்து, சொல்வகை, சொற்பொருள் என்று தொடங்கும் அந்த வரிசையில் உதாரணம் உண்டு, வினாவும் விடையும் உண்டு, முடிவை ஒட்டி 'பயன்' என்று ஒன்றும் உண்டு. நீங்கள் அந்தப் பதினான்கில் சொல்வகையையும் சொற்பொருளையும் மட்டும் 55 நிமிடம் செய்கிறீர்கள். வயலிலிருந்தும் டீக்கடையிலிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கிறவர், "சரி, இதற்கு என்ன கருத்து, எனக்கு என்ன பயன்?" என்று காத்திருக்கிறார். ரோமர் 3:25-இல் 'கிருபாதாரபலி' என்ற ஒரு வார்த்தைக்கு மூன்று ஞாயிறு எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது ஞாயிறு முடிந்து வெளியே போனவரிடம், "பாஸ்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டிருந்தால் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருப்பாரா?

வேதத்திலேயே இதற்கு ஒரு படம் இருக்கிறது. நெகேமியா 8. தண்ணீர்வாசலுக்கு முன்னால் ஜனங்கள் கூடுகிறார்கள். மரத்தால் செய்த மேடையில் வேதபாரகன் எஸ்றா நிற்கிறார். காலமே தொடங்கி மத்தியானம்வரை வாசிப்பு நடக்கிறது. 55 நிமிடம் அதிகம் என்கிற கமிட்டிக்கு இதைக் காட்டலாம் என்று உங்களுக்குத் தோன்றும். பொறுங்கள். எட்டாம் வசனத்தில் மூன்று வேலைகள் இருக்கின்றன: "தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை விளங்கப்பண்ணினார்கள்." நீங்கள் நடு வேலையைச் செய்கிறீர்கள். பகுதியை யாரோ ஒரு வாலிபன் அவசரமாக வாசித்துவிட்டுப் போகிறான், முதல் வேலை அதோடு சரி. மூன்றாவது வேலை நடந்ததற்கு அங்கே அடையாளம் என்ன? ஜனங்கள் அழுதார்கள். பிறகு சாப்பிடவும் இல்லாதவர்களுக்குப் பங்கு அனுப்பவும் வீட்டுக்குப் போனார்கள், தங்களுக்குச் சொன்னது விளங்கியதால் சந்தோஷப்பட்டார்கள் என்று 12ஆம் வசனம் சொல்கிறது.

லாயிட் ஜோன்ஸ் எந்தக் கிழமையில் ரோமரை எடுத்தார்?

கமிட்டிக்குச் சொல்லும் பதிலாக நீங்கள் மார்ட்டின் லாயிட் ஜோன்ஸ் என்ற போதகரைக் காட்டியிருக்கிறீர்கள். "அவர் ரோமரை 13 வருஷம் பிரசங்கித்தார், சபை வளர்ந்தது." லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் சேப்பலில் அவர் 1955 முதல் 1968 வரை ரோமரை எடுத்தது உண்மை. உடல்நலம் கெட்டு நிறுத்தியபோது 14ஆம் அதிகாரம் 17ஆம் வசனத்தில் இருந்தார். ஆனால் அது வெள்ளிக்கிழமை இரவுக் கூட்டம், தம்பி. ஆழமாகப் படிக்கவேண்டும் என்று தாங்களாக வந்தவர்களுக்கு நடத்தியது. ஞாயிறு காலையில் விசுவாசிகளைக் கட்டியெழுப்புகிற பிரசங்கம், ஞாயிறு மாலையில் வெளியாளுக்கும் புரிகிற சுவிசேஷப் பிரசங்கம் என்று தனித்தனியாக வைத்திருந்தார். ஆட்களின் நாடி பார்த்துத்தான் அவர் கிழமை பிரித்தார். அடிப்படையில் அவர் மருத்துவர் அல்லவா.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் பேர்போன பிரசங்கியாராக இருந்த ஸ்பர்ஜன் நீண்ட தொடர்களை விரும்பாதவர். சிறுவனாக இருந்தபோது எபிரெயர் நிருபத்தின்மேல் கேட்ட ஒரு தொடர் எவ்வளவு அலுப்பாக இருந்தது என்று தன் மாணவர்களிடம் கேலியாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிறுதோறும் வேறு வேறு வசனம் எடுப்பார். அதே ஆராதனையில், பிரசங்கத்துக்கு முன்னால், ஒரு வேதப்பகுதியை வாசித்து அங்கங்கே நிறுத்தி விளக்கமும் சொல்வார். இரண்டையும் அவர் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவில்லை.

ஆனாலும் ஏன் விடக்கூடாது

இவ்வளவு சொன்னதால், நான் கமிட்டி பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். வேதத்தை வரிசையாகத் திறந்து காட்டுகிற பழக்கத்தை நீங்கள் அந்த ஊரில் விட்டுவிடக் கூடாது. அதற்கு நான் சொல்லும் காரணங்கள் ஒருவேளை உங்கள் பாடக்குறிப்பில் இருந்திருக்காது.

சாதியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சபைகளில் கல்யாணத்திலும் கல்லறையிலும் அது எப்படி நிற்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு போதகர் அதைத் தலைப்பாக வைத்து ஒரு ஞாயிறு பேசினால், "போன வாரம் எங்க வீட்டுக் கல்யாணப் பேச்சு நடந்துச்சே, அதைத்தான் குத்திக் காட்டுறார்" என்பார்கள். கலாத்தியர் நிருபத்தை வரிசையாக எடுத்துக்கொண்டு போகும்போது 2ஆம் அதிகாரம் தானாக வரும். புறஜாதியாரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டதும், பவுல் அவரை 'முகமுகமாய்' எதிர்த்ததும் அங்கே இருக்கிறது. அதை வாசித்துவிட்டு நீங்கள் அதிகம் பேசவே வேண்டாம். யாக்கோபு 2 சபையில் யாருக்கு எந்த நாற்காலி என்று கேட்கிறது. 5ஆம் அதிகாரத்தில் வயல் அறுத்தவனுக்குக் கொடுக்காத கூலி கூக்குரலிடுகிறது. 1 கொரிந்தியர் 6 சகோதரனைக் கோர்ட்டுக்கு இழுப்பதைப் பற்றிப் பேசுகிறது. நம் சபைச் சொத்து வழக்குகளின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது அந்த அதிகாரத்தை யாரும் வாசித்ததே இல்லையோ என்று எனக்குத் தோன்றும். போதகரே வாராவாரம் வசனத்தைத் தேர்ந்தெடுத்தால் இவை தப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு பிரசங்கியாருக்கும் பிடித்த வசனங்கள் சில இருக்கும், அவை திரும்பத் திரும்ப வரும். எனக்கும் உண்டு.

இரண்டாவது காரணம், வாக்குத்தத்தம் நிறைவேறாதவர்கள். "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்பதை வேன் கண்ணாடியிலும் கடைப் பலகையிலும் பார்க்கிறோம். உபாகமம் 28:13. அது நிபந்தனையோடு வருகிற வாக்கு. அதே அதிகாரம் 44ஆம் வசனத்தில் அப்படியே தலைகீழாகத் திரும்புகிறது. இந்தச் சந்தர்ப்பம் தெரியாமல், புது வருஷத்துக்குச் சபையில் கொடுத்த வாக்குத்தத்த அட்டையில் வந்த வசனத்தை டிசம்பர்வரை பிடித்துக்கொண்டு, வருஷக் கடைசியில் கணவனை அடக்கம் பண்ணிவிட்டு, "எனக்கு விசுவாசம் போதலை போலிருக்கு ஐயா" என்று என் முன்னால் உட்கார்ந்து அழுதவர்கள் ஒருவர் இருவர் இல்லை. வேதத்தில் யோபுவும் புலம்பலும் இருக்கின்றன என்பதே அவர்களில் பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. அவர்களுக்காகத்தான் சொல்கிறேன், விடாதீர்கள்.

இது வெள்ளைக்கார மிஷனரிகள் கொண்டுவந்த புதுமை என்று உங்கள் கமிட்டியில் ஒருவர் சொன்னாராமே. அந்தியோகியாவில் ஆதித் திருச்சபைப் பிரசங்கியாரான கிறிசோஸ்தம் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் மத்தேயு சுவிசேஷத்தை 90 பிரசங்கங்களில் எடுத்து முடித்தார். சூரிச்சில் சீர்திருத்தவாதி சுவிங்லி 1519 ஜனவரி 1-ஆம் தேதி, ஞாயிறுதோறும் வாசிக்கக் குறித்திருந்த அன்றைய வேதபாட அட்டவணையை ஒதுக்கிவிட்டு, மத்தேயு முதல் அதிகாரத்திலிருந்து வரிசையாகத் தொடங்கினார். (அவர் புது வருஷத்தில்தான் தொடங்கினார் என்பதைக் கமிட்டிக்குச் சொல்லலாம்.) இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினை 1538-இல் ஜெனீவா துரத்தியது. 1541-இல் அவர்களே திரும்பக் கூப்பிட்டபோது, மேடையில் ஏறியவர் மூன்று வருஷக் கணக்கைத் தீர்க்கவில்லை. விட்ட இடத்திலிருந்து வேதப்பகுதியைத் தொடர்ந்தார். இந்த மூவரில் நீங்கள் அதிகம் யோசிக்கவேண்டியவர் கால்வின் என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில், கடந்த இரண்டு மாதமாக ரோமரை வைத்துக் கமிட்டிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்ற வாசனை அடிக்கிறது.

கமிட்டியின் உரிமை

நான் வக்கீல் இல்லை. ஆனால் சபைச் சண்டைகளை நிறையப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் சபை 1975ஆம் வருஷத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானதா, டிரஸ்டா என்று முதலில் பாருங்கள். துணைவிதிகளையும் உங்கள் நியமனக் கடிதத்தையும் எடுத்து வாசியுங்கள். போதகரை நியமிப்பது, விலக்குவது, அதற்கு எத்தனை மாத முன்னறிவிப்பு, குடியிருப்பு யார் பெயரில் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். பல துணைவிதிகளில் உபதேசப் பொறுப்பு போதகருக்கு, நிர்வாகம் கமிட்டிக்கு என்று பிரித்திருப்பார்கள்; சிலவற்றில் எதுவுமே இருக்காது. பிரசங்கத்தின் நீளம், ஆராதனை நேரம், புது வருஷக் கூட்டம் எப்படி நடக்கவேண்டும் என்பதில் கமிட்டி கருத்துச் சொல்வது நியாயம். வேதம் சொல்லாததைச் சொல் என்றால் மட்டும் நீங்கள் மறுக்கவேண்டும். இதுவரை அவர்கள் அப்படி எதையும் கேட்கவில்லை. "வாக்குத்தத்தம் கொடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். வாக்குத்தத்தம் வேதத்தில் இருப்பதுதானே.

ராஜினாமா, புதுச் சபை

அந்த 20 பேரைப் பற்றி எனக்குப் பயம். உங்கள் பிரசங்கத்துக்காக வருகிறவர்கள் எத்தனை பேர், கமிட்டியோடு பழைய பகை உள்ளவர்கள் எத்தனை பேர் என்று உங்களால் சொல்ல முடியுமா? "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்ற கதை கொரிந்துவோடு முடிந்துவிடவில்லை. அதே ஊரில் இரண்டு தெரு தள்ளி ஒரு ஷெட் போட்டால், அடுத்த பத்து வருஷம் நீங்கள் பிரசங்கியாராக இல்லை, பிரிந்துபோனவராகத்தான் அறியப்படுவீர்கள். கட்டிடம், காணிக்கைக் கணக்கு, ஒலிபெருக்கி எதன்மேலும் பிரிந்து போகிறவர்களுக்கு உரிமை இருக்காது. அதைக் கேட்டு 20 பேரில் ஒருவர் வழக்குப் போட்டால், 1 கொரிந்தியர் 6-ஐ நீங்களே பிரசங்கிக்க முடியாது.

ராஜினாமா செய்துவிட்டு வேறு ஊர் போவது கௌரவமான வழி. கமிட்டி பொய் சொல்லச் சொன்னால் ராஜினாமாவைச் செய்யுங்கள், வீட்டாரையும் கலந்துகொண்டு, மூன்று மாதச் செலவுக்காவது பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு. இப்போதைக்கு அந்த நிலை வரவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கேட்டதைக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்பதும் ஒரு வழிதான். இரண்டு வருஷத்தில் உங்களுக்கே உங்களைப் பிடிக்காமல் போகும்.

நான் உங்களுக்குச் சொல்வது, இருங்கள். முறையை மாற்றுங்கள்.

எப்படி மாற்றுவது

ரோமரை 8ஆம் அதிகாரத்தோடு நிறுத்துங்கள். மூன்று ஞாயிறு போதும். நிருபத்தில் அது மலையுச்சி, அங்கே நிறுத்தினால் யாரும் தோற்றுப்போய் நிறுத்தியதாகச் சொல்லமாட்டார்கள். 9 முதல் 16 வரையுள்ள அதிகாரங்களை வெள்ளிக்கிழமை மாலைக்குக் கொண்டுபோங்கள். அந்த 20 பேரை அங்கே கூப்பிடுங்கள். வேத ஆராய்ச்சிக்காக வந்தவர்களா, கட்சிக்காக வந்தவர்களா என்பது இரண்டே மாதத்தில் தெரிந்துவிடும்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை கொடுக்கிற வழக்கத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள். எரேமியா 29:11-ஐயே எடுங்கள், பாதிச் சபை அதை எதிர்பார்த்துக்கொண்டுதான் வரும். எடுத்துவிட்டு, எல்லாரையும் வேதத்தைத் திறந்து அந்த அதிகாரத்தின் முதல் வசனத்துக்குப் போகச் சொல்லுங்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று எல்லாரும் கேட்க ஆசைப்பட்டதைச் சொல்லிவிட்டான். எரேமியாவோ, 70 வருஷம் ஆகும், அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். அதைக் கேட்ட வயதானவர் எவரும் திரும்பி வந்திருக்கமாட்டார். அவர்களுக்குத்தான், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே" என்று கர்த்தர் சொல்கிறார். மகனைக் கல்ஃபுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற தாய் ஒருத்தியாவது உங்கள் சபையில் இருப்பாள். இதை அவளுக்குச் சொல்வதாக நினைத்து 30 நிமிடத்தில் சொல்லுங்கள். கமிட்டி கேட்ட வாக்குத்தத்தம் கொடுத்தாயிற்று, நீங்கள் விரும்பிய வியாக்கியானமும் ஆயிற்று.

ஜனவரியில் ரூத்தின் புஸ்தகம். நாலு அதிகாரம், நாலு ஞாயிறு. பஞ்சம் பிழைக்கப் போன குடும்பம், மூன்று விதவைகள், மாமியாரும் மருமகளும், அறுப்புக் காலம், கதிர் பொறுக்குவது. இதற்கெல்லாம் அருஞ்சொற்பொருள் தேவைப்படாது. கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்த ஜனங்கள் நாம். கதையைக் கதையாகச் சொன்னால், நடுநிசியானாலும் கேட்பார்கள். ரூத் முடிந்ததும் மாற்கு சுவிசேஷத்தைப் பெரிய பெரிய துண்டுகளாக எடுங்கள். நிருபங்களுக்கு ஒரு வருஷம் கழித்து வரலாம்.

சனிக்கிழமை இரவு, குறிப்பை மூடி வைத்துவிட்டு, "நாளைக்கு இந்தப் பகுதி என்ன சொல்கிறது?" என்பதை உங்கள் மனைவிக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். அவருக்கு விளங்கவில்லை என்றால் பிரசங்கம் இன்னும் தயாராகவில்லை. நான் வெட்கத்தோடு நினைத்துக்கொண்டேன் என்று சொன்னேனே, அது இதுதான். ஊழியத்தின் ஆரம்பத்தில் ஒரு கிராமத்துச் சபையில், நடவு நேரத்தில், லேவியராகமத்தை எடுத்துப் பலிகளை வகை வகையாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வாரம் ஒரு பெரியம்மா வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லாத்தான் பாடம் எடுக்கிறீங்க ஐயா, எங்களுக்குத்தான் படிப்பு இல்ல" என்றார். அவர் பாராட்டுகிறார் என்று நினைத்து, வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சாப்பிட்டேன். என் மனைவி விளக்கிச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

நேரத்தைக் குறைப்பது பற்றி உங்களுக்கு மனவருத்தம் இருக்கும். துரோவாவில் பவுல் நடுராத்திரிவரை பேசியபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் போய் அவனை உயிரோடு எழுப்பினார். அந்த வரம் இருக்கிறவர்கள் 55 நிமிடம் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, அந்தக் கடைசி பெஞ்சு. மூத்த போதகர் "மூஞ்சியை இறுக்கமாக வைத்துக்கொண்டு" உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஜனங்கள் இன்னும் அவர் வீட்டுக்கு ஜெபத்துக்குப் போவது உங்களுக்கு உறுத்துகிறது. 16 மாதத்தில் எத்தனை முறை அவர் வீட்டுக்குப் போனீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கமிட்டி கூடுவதற்கு முன்னால் ஒரு மாலை போய் உட்காருங்கள். ரூத் எடுக்கப்போகிறேன் என்று சொல்லி, அந்தச் சபையில் யார் யார் பிழைக்கப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள் என்று கேளுங்கள். அவருக்கு ஒவ்வொரு வீடும் தெரியும், உங்களுக்குத் தெரியாது. பிறகு, முதல் ஞாயிறு ரூத் 1-ஐ அவரையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். "என்னை நகோமி என்று சொல்லாமல், மாராள் என்று சொல்லுங்கள்" என்று அந்த மாமியார் தன் பெயரைக் 'கசப்பு' என்று மாற்றிச் சொல்கிற இடத்தை, 25 வருஷம் அவர்கள் கேட்டுப் பழகின அந்தக் குரல் வாசிக்கட்டும். நீங்கள் அதற்குப் பிறகு எழுந்து பேசுங்கள்.